வீடு மனிதருக்கா, சாமானுக்கா?

(ஒரு படிப்பகத்தின் ஆண்டுவிழாவில் பேசியதன் சாரம்)



இந்த ஆண்டுவிழாவில் எதைப்பற்றிப் பேசப்போகின்றீர்கள் என்று படிப்பக நிர்வாகிகள் நம்மைக் கேட்டார்கள். பரணைப்பற்றிப் பேசப்போகின்றோம் என்றோம். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுளையும் ஜாதியையும்பற்றிப் பேசவேண்டிய மேடையில் பரணுக்கு என்ன வேலை என்று நினைத்திருக்கலாம். நாம் சொல்லுவது என்னவென்றால், வெளியில் பகுத்தறிவு பேசுகின்ற ஒருவனுடைய வீட்டுப் பரணில் ஏறிப்பார்த்தால், அந்த அறிவு வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றது என்பது தெரிந்துபோகும். மேடைக்கு வந்துவிட்ட அறிவு பரணுக்குப் போய்ச் சேருவதற்கு எத்தனையோ வருஷம் பிடிக்கின்றது.

நம்மில் சாதாரணமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன், பெண்ஜாதி, இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவி, ஆக ஐந்து பேர். இவர்களுக்குச் சாப்பிடத் தட்டு எத்தனை வேண்டும்? ஐந்து. விருந்தாளிகள் வந்தால் இன்னும் ஐந்து. தண்ணீர் குடிக்கப் பத்து டம்ளர் போதாதா? ஆனால் அந்த வீட்டில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு இரண்டு டஜன், டம்ளர் மூன்று டஜன், பித்தளைத் தவலை இரண்டு, அண்டா ஒன்று, குடம் ஆறு, தாம்பாளம் நாலு, ஒன்றுக்குள் ஒன்று போகும் அடுக்கு ஒரு கோபுரம், தூக்குவாளிகள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். இவை போதாதென்று, இரண்டு கலியாணத்திற்கு வந்து இன்னும் பிரிக்காமலிருக்கும் சுவர்க்கடிகாரங்களும் பீங்கான் கோப்பைகளும் வேறு. (இந்தக் கோப்பைப் பெட்டி இருக்கின்றதே, அது ஒரு கலியாணத்தில் வந்து அடுத்த கலியாணத்திற்குப் போவது. அநேக ஊர்களைப் பார்த்துவிட்டு, கட்டிய காகிதம்கூடக் கிழியாமல், முதலில் வாங்கியவர் வீட்டுக்கே அது திரும்பிவந்தாலும் ஆச்சரியமில்லை.) கிழவி படுக்க மட்டும் அந்த வீட்டில் இடமில்லை. அவள் நடையில் படுத்திருக்கின்றாள். அண்டா உள்ளே இருக்கின்றது.

இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. "நாலு சாமான் இருக்கிற வீடு" என்பதே ஒரு பெருமைப் பேச்சாக இருந்துவருகின்றது. சும்மாதானே இருக்கின்றது, சோறா கேட்கின்றது என்கின்றார்கள். தோழர்களே! சாமான் சும்மா இருப்பதே கிடையாது. அது தினமும் தன் கூலியை வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றது. அந்தக் கூலியை ஆண்பிள்ளைகள் கொடுப்பதில்லையாதலால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்கவேண்டும். புழங்குகின்ற பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசவேண்டும். ஏனெனில், ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் பண்டம் பட்டால் களிம்பு ஏறிவிடும். பொங்கல் வந்தால் பரணில் உள்ளதையெல்லாம் இறக்கி, கழுவி, துடைத்து, காயவைத்து, மறுபடியும் ஏற்றவேண்டும். இருநூறு சாமான் உள்ள வீட்டில், ஒரு சாமானுக்கு இறக்க, கழுவ, ஏற்ற மூன்று நிமிஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு நிமிஷம், அதாவது பத்து மணி நேரம். யார் செய்கின்றார்கள்? அந்த வீட்டுப் பெண்கள். எதற்காகச் செய்கின்றார்கள்? அடுத்த பொங்கல் வரையில் யாரும் தொடப்போகாத ஒன்று பளபளவென்று இருப்பதற்காக. இந்தப் பத்து மணி நேரத்தில் அந்தப் பெண் பத்திரிகை படித்திருக்கலாம். இந்தப் படிப்பகத்துக்கு வந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் காலை நீட்டி உட்கார்ந்தாவது இருந்திருக்கலாம். அதுவும் ஒரு மனுஷிக்கு உரிமைதானே!

வாடகைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பட்டணத்தில் முந்நூறு சதுர அடி வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர அடிக்கு 20 ரூபாய் ஆகின்றது. கட்டிலுக்கு அடியிலும், கதவுக்குப் பின்னாலும், மூலையிலுமாகப் புழங்காத சாமான் முப்பது சதுர அடியை அடைத்துக்கொண்டிருக்குமானால், மாதம் 600 ரூபாய், வருஷம் 7,200 ரூபாய், நாம் அந்தச் சாமானுக்கு வாடகை கட்டுகின்றோம். குடும்பத்தலைவன் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவன் ஓட்டைக் குடத்துக்கு வாடகை கட்டுகின்றான் என்றால் அவனை என்னவென்று சொல்லுவது?

நிற்க. இவ்வளவு சாமானும் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். கடையிலிருந்து அவசியத்திற்கு வாங்கினது கொஞ்சம்தான். பெரும்பாகம் சீர்வரிசையாக வந்தது. பெண் பிறந்த நாளிலிருந்து தாய் ஒவ்வொன்றாக வாங்கிப் பரணில் அடுக்குகின்றாள். சீட்டுக்கட்டி அண்டா வாங்குகின்றாள்; அரிசி விற்ற பணத்தில் குடம் வாங்குகின்றாள். பிறகு கலியாணத்தன்று அவை எல்லாவற்றையும் பந்தலில் பரப்பி ஊருக்குக் காட்டி, வண்டியில் ஏற்றி, மாப்பிள்ளை வீட்டுப் பரணில் சேர்த்துவிடுகின்றார்கள். ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்குப் போவதற்கு இத்தனை மேளதாளம்! அந்தப் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும். பெரும்பாலும் பெண்ணின் பேர்கூட இருக்காது. வாங்கிக்கொடுத்த தகப்பன் பேரோ, மாமன் பேரோதான் இருக்கும்.

பெண்ணுக்குத்தானே கொடுக்கின்றோம் என்பார்கள். இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கின்றது. பெண்ணுக்கும் ஆணைப்போலவே சொத்தில் சமபாத்தியம் வேண்டுமென்று 1929-ம் வருஷத்தில் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. அறுபது வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் அதுவரை கலியாணமாகாத பெண்களுக்கு ஆண்மக்களைப்போலவே பங்கு என்றாயிற்று. 2005-ல் நாடு முழுமைக்கும், கலியாணமான பெண்களுக்கும்கூட, அந்தப் பங்கு உண்டு என்றாயிற்று. சட்டம் இப்படி இருக்க, வீட்டில் நடப்பது என்ன? "உனக்குத்தான் சீர் செய்தாகிவிட்டதே" என்று சொல்லி, அண்ணன் தம்பிகள் ஒரு பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிடுகின்றார்கள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரமாம்! விடுதலை யாருக்கு என்பதுதான் விளங்கவில்லை. நிலம் அண்ணனுக்கு, அண்டா தங்கைக்கு. நிலம் வருஷா வருஷம் விளைகின்றது. அண்டா வருஷா வருஷம் கறுக்கின்றது. அவசரத்துக்கு அந்த அண்டாவை விற்கப் போனால், கடைக்காரன் செய்கூலியைக் கழித்துவிட்டு நிறைக்குத்தான் விலை போடுவான். ஆகவே தாய்மார்களே! பரணில் பாத்திரம் சேருவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அந்தப் பணத்தைப் பெண்ணின் படிப்புக்குச் செலவிடுங்கள். அல்லது அவள் பேரிலேயே பாங்கியில் போட்டு, அவள் கையெழுத்துக்கு மட்டும் கிடைக்கும்படி வையுங்கள்.

1961-ம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையொட்டி 1985-ல் ஒரு விதி செய்தார்கள். கலியாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளை, இன்ன சாமான், இன்ன மதிப்பு, கொடுத்தவர் இன்னார் என்று எழுத்தில் ஜாபிதா எழுதி, அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு வைக்கவேண்டும் என்பது அந்த விதி. நமது ஜனங்கள் மொய் நோட்டு எழுதுவதில் மகா கெட்டிக்காரர்கள். ஐம்பத்தொரு ரூபாய் வைத்தவன் பேர் தலைமுறைக்கும் இருக்கும். ஆனால் இந்தச் சட்ட ஜாபிதாவை எழுதின வீடு எத்தனை என்று கேட்டால் பதில் இராது. அவசியமான நோட்டை விட்டுவிட்டு அவசியமில்லாத நோட்டை எழுதுகின்றோம்.

சாமான் பெருகுவதற்கு இன்னொரு காரணத்தையும் சொல்லவேண்டும். இதைச் சிலர் ரசிக்கமாட்டார்கள், இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து பேருக்கு ஏன் மூன்று டஜன் டம்ளர் என்று நாம் கேட்டோமல்லவா? வீட்டுக்கு வேலைக்கு வருகின்றவளுக்கு ஒரு தனி டம்ளர். அது கொல்லைப்புறத்து மாடத்தில் இருக்கும். வயல் ஆள் குடிப்பதற்கு ஒரு தனிச் சொம்பு. மாதவிலக்கான பெண்ணுக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி. பூஜைக்குத் தனிப் பாத்திரம், திவசத்திற்குத் தனிப் பாத்திரம். மனிதனை மனிதன் தொடாமல் இருப்பதற்கும், தாயைப் பிள்ளை தொடாமல் இருப்பதற்கும் எவ்வளவு பித்தளையும் எவர்சில்வரும் செலவாகின்றது பாருங்கள்! இந்தத் தனித்தனி ஏற்பாட்டை ஒழித்தாலே அலமாரியில் ஒரு தட்டு காலியாகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவின டம்ளரில் யார் வாய்வைத்துக் குடித்தது என்பது எந்த டம்ளருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

இனி, "எப்போதாவது உதவும்" என்கின்ற வாதத்திற்கு வருவோம். இதை நாம் கேலி செய்யவில்லை. பணக்காரன் ஒன்றைத் தூக்கியெறிந்தால் நாளைக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளுவான். ஏழை அப்படிச் செய்யமுடியாது. அவன் ஆணியையும் கயிற்றையும் சேர்த்துவைப்பதில் நியாயம் இருக்கின்றது. பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாகவும், பிறகு அடுப்படித் துணியாகவும் உபயோகிக்கின்றவளைவிடச் சிக்கனக்காரி உலகத்தில் யார்? ஆனால் சிக்கனம் வேறு, குவித்துவைப்பது வேறு. சிக்கனக்காரன் உடைந்த குடையைக் குடை ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோகின்றான். குவிக்கின்றவன் உடைந்த குடையைப் பரணில் போட்டுவிட்டு, புதுக்குடை வாங்கி, அதுவும் உடைந்ததும் முன்னதற்குத் துணையாக அனுப்புகின்றான். கம்பி ஒடிந்த ஐந்து குடை சேர்ந்து ஒரு மழையைத் தடுக்குமா?

மின்சாரச் சாமான்களின் கதையும் இதுதான். 2006-ம் வருஷத்திற்குப் பிறகு சர்க்கார் இலவசமாகக் கொடுத்த பெட்டி டெலிவிஷன்களில் எத்தனையோ இன்று ஓடாமல் துணிபோர்த்தி மூலையில் கிடக்கின்றன. அதன் மேல் ஒரு பொம்மை. சில வீட்டில் ஒரு சாமி படம். அந்தப் படக்குழாயின் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கின்றது. உடைத்துத் தெருவில் போட்டால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு. ஆகையால் மின்கழிவு வாங்குகின்றவர்களிடம் முழுசாகவே கொடுத்துவிடவேண்டும். வைத்திருந்தால் மட்டும் அது என்றைக்காவது தானாகப் பாடப்போகின்றதா?

சாமான் எல்லாமே கூடாது என்று நாம் சொல்லுவதாக எவரும் நினைத்துவிடவேண்டாம். 2011-ல் தொடங்கி சர்க்கார் கொடுத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் பாருங்கள். ஒரு மணி நேரம் குழவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை அது எழுப்பிவிட்டது. ஒரு சாமான் பெண்ணின் நேரத்தைத் திருப்பிக் கொடுக்குமானால் அதற்கு வீட்டில் நடுக்கூடத்திலேயே இடம் கொடுக்கலாம். ஆனால் நாம் செய்தது என்ன? கிரைண்டரும் வந்தது, ஆட்டுக்கல்லும் போகவில்லை. அதைப் புரட்டிக் கொல்லையில் தள்ளினோம். அங்கே அதன் குழியில் மழைத்தண்ணீர் நிற்கின்றது.

அந்தக் குழித்தண்ணீர் விளையாட்டல்ல, தோழர்களே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஆட்டுக்கல் குழி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, இவைகளில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்தது. பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் விளிம்பை ஒட்டி முட்டை இடுகின்றது. தண்ணீர் வற்றிப்போனாலும் அந்த முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழை பட்டதும் பொரிக்கின்றது. பொரித்துப் புழுவாகிக் கொசுவாகப் பறப்பதற்கு நமது வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகையால் வெறுமனே கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்ளே தேய்த்துக் கழுவவேண்டும். அதைவிட நல்லது, வேண்டாததை அப்புறப்படுத்துவது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றவர்கள், கொல்லையிலுள்ள டயரில் ஊற்றியிருக்கும் தண்ணீரை ஒருதரம் கொட்டக்கூடாதா?

விறகுக் குவியலும், செங்கல் குவியலும், சாக்கு மூட்டையும் இருக்கின்ற இடத்துக்கு எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குகின்றவர்களைக் கடிக்கின்றது. கடித்த இடத்தில் வலியோ தடமோ சரியாகத் தெரியாததால் பலர் கடித்ததே தெரியாமல் தூங்கிவிடுகின்றார்கள். அண்டாவுக்கு இடம் கொடுத்து நடையில் படுத்திருக்கும் கிழவியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் இருக்க, கடைக்காரர்கள் சும்மா இருக்கின்றார்களா? ஆடி மாதம் சுபகாரியத்துக்கு ஆகாது என்று ஜனங்களே ஒரு மூடநம்பிக்கையைச் செய்துகொண்டார்கள். கலியாணம் இல்லாததால் அந்த மாதத்தில் வியாபாரம் மந்தமாயிற்று. உடனே ஆடித்தள்ளுபடி என்று ஒன்று வந்தது. ஆகாத மாதத்தில் வாங்கச்செய்வதற்குத் தள்ளுபடி. ஆகின்ற நாளில் வாங்கச்செய்வதற்கு அட்சய திருதியை. கையில் காசில்லாதவனுக்கு வட்டியில்லாத் தவணை என்று வேறொரு வலை. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது, அது வேறு கட்டணத்தின் பேரில் ஒளிந்திருக்கின்றது என்கின்ற கருத்தில் ரிசர்வ் பாங்கியே 2013-ம் வருஷத்தில் பாங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. ஆயிரம் ரூபாய்ச் சாமானில் இருநூறு ரூபாய் தள்ளுபடி என்றால் நமக்கு இருநூறு லாபம் என்று நினைக்கின்றோம். வேண்டாத சாமானாக இருந்தால் நமக்கு எண்ணூறு நஷ்டம்.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜப்பான் தேசத்தில் மரியே கோண்டோ என்ற ஒரு பெண்மணி 2011-ல் வீட்டை ஒழுங்கு செய்வதைப்பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அது அநேக பாஷைகளில் போயிருக்கின்றது. அறை அறையாகச் சுத்தம் செய்யாதே, ஒரே வகைச் சாமான் வீட்டில் எங்கெங்கு இருந்தாலும் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துப்பார் என்கின்றார். இது நல்ல யோசனை. டம்ளர் முழுவதையும் கூடத்தில் கொட்டிப்பார்த்தால்தான் மூன்று டஜன் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சாமானை அனுப்புவதற்குமுன் அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்றும் அந்த அம்மையார் சொல்லுகின்றார். அதை நாம் விட்டுவிடலாம். ஆயுதபூஜையில் அரிவாள்மணைக்குப் பொட்டு வைக்கின்ற நாட்டில், ஓட்டைக் குடத்துக்கு நன்றி சொல்லவும் கற்றுக்கொடுத்தால் பிறகு குடத்துக்கு ஒரு கோயிலும் கட்டிவிடுவார்கள்.

குவித்தாகிவிட்டது, பிறகு? ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "போன ஒரு வருஷத்தில் இதை எத்தனை தடவை எடுத்தோம்?" என்று வீட்டிலுள்ள பெண்களைக் கேளுங்கள். ஆண்பிள்ளைகள் இதற்குப் பதில் சொல்லவேண்டாம், அவர்களுக்குத் தெரியாது. ஒரு தடவைகூட எடுக்காததை வேறு ஒருவருக்குக் கொடுங்கள், அல்லது நிறைக்குப் போடுங்கள். பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் பாதகமில்லை. பழத்தையாவது பிள்ளைகள் தின்னும். போகி வரட்டும் கொளுத்திவிடலாம் என்று மட்டும் காத்திருக்கவேண்டாம். பழையன கழிவதற்கு வருஷத்தில் ஒரேயொரு நாள்தான் உண்டு என்று எந்தச் சாஸ்திரம் சொல்லிற்று? அன்றைக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, 2018-ல் சென்னையில் விமானங்களே புகையில் தடுமாறும்படி செய்தோம். சாமானைக் கழித்தோம் என்று நினைத்து அதைப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் அனுப்பினோம்.

இறந்துபோன தகப்பனார் சாமானை எப்படிக் கொடுப்பது என்று சிலர் கண் கலங்குகின்றார்கள். அந்த அன்பை நாம் குறைவாக மதிக்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியையோ, கையெழுத்துள்ள ஒரு நோட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சட்டைகளைக் குளிரில் இருப்பவன் போட்டுக்கொள்ளட்டும். சட்டை பெட்டியில் இருந்தால் பூச்சிதான் போட்டுக்கொள்ளும்.

கடைசியாக, அண்டா. கலியாணம், காதுகுத்து, சாவு என்றால் நூறு பேருக்குச் சமைக்க வேண்டாமா என்பீர்கள். பட்டணத்தில் வாடகைப் பாத்திரக் கடை இருக்கின்றது. வருஷத்தில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துவிட்டு, மீதி முந்நூற்று அறுபத்துநாலு நாளும் அந்த அண்டாவை அவர்கள் இடத்திலேயே வைத்திருக்கச் சொல்லலாம். கிராமத்தில் சில ஊர்களில் பொதுப்பாத்திரம் என்று வைத்திருக்கின்றார்கள். ஆனால் அந்தப் "பொது" எந்தத் தெருவோடு நின்றுபோகின்றது என்பதுதான் கேள்வி. காலனிக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்லப்படும் பாத்திரம் பொதுப்பாத்திரமாகாது.

இதையெல்லாம் நிர்வாகிகளிடம் சொன்னபோது, முதலில் சிரித்தவர்களே ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். படிப்பகத்தின் பின்னறை காலியாக இருக்கின்றது. உங்கள் பரணில் சும்மா இருக்கும் அண்டா, தவலை, ஜமுக்காளம், பாய், ஏணி எதுவானாலும் அங்கே கொண்டுவந்து கொடுக்கலாம். ஊரில் எந்தத் தெருவார் வந்து கேட்டாலும் நோட்டில் பேர் எழுதிக்கொண்டு கொடுக்கப்படும். காசு கிடையாது. எடுத்துப்போனவர்கள், அதுவும் எடுத்துப்போன வீட்டு ஆண்பிள்ளைகள், துலக்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பின்னறை திறந்திருக்கும். பேர் வெட்டிய பாத்திரமானாலும் கொண்டுவரலாம்.